விதைக்கோட்டை கட்ட 4கே வேணுமா?

எங்க அம்பாசமுத்திரம் பக்கத்தில் விதைநெல்லைச் சாக்கில் கட்டி வைக்கிறது பிற்பாடு வந்த பழக்கம். அதுக்கு முன்னே கோட்டைதான். வைக்கோல் பிரியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன்மேல் வைக்கோலை வட்டமாக அடுக்கி, நன்றாகக் காய்ந்த விதையை நடுவில் கொட்டுவார்கள். பிறகு சுற்றிலும் தூக்கிச் சேர்த்து, பிரியால் வரிந்து கட்டி, தட்டித் தட்டி உருண்டையாக்கி, மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். கோட்டை என்பது எங்கள் பக்கத்தில் ஓர் அளவும்கூட. 21 மரக்கால் ஒரு கோட்டை.

இதை முதலிலிருந்து கடைசிவரை கட்டத் தெரிந்தவர் எங்க ஊரில் ஒருவர்தான் மிச்சம். எனக்குப் பெரியப்பா முறை, எண்பதைத் தாண்டியவர். பிசான அறுவடை முடிந்து விதை காய்ந்ததும், "பெரியப்பா, நீங்க கட்டுறதை வீடியோ எடுத்து வச்சுக்கிடுதேன்" என்று கேட்டேன். சரி என்றார்.

மைத்துனன் பைக்கில் மாட்டிக்கொண்டு சுற்றிய ஆக்‌ஷன் கேமரா ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மெனுவுக்குள் போனால் எண்களாக இருந்தது. இருக்கிறதில் பெரிய எண்ணைப் போட்டால் நல்லா வரும் என்று நினைத்து, 4கே, 60 பிரேம், அகலக் கோணம் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, களத்து மேட்டில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வைக்கோல் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பெரியப்பாதான் முதலில் கவனித்தார். "ஏ, ஒம் பெட்டி நின்னுட்டு போலிருக்கே, வெளக்கே எரியலியே" என்றார். தொட்டுப் பார்த்தால் இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கிறது. சூடு தாங்காமல் 22ஆவது நிமிடத்திலேயே நின்றிருக்கிறது. கோட்டையின் வாயை மூடி முடிச்சுப் போடுகிற கடைசிக் கட்டம், அதாவது உண்மையான கைவேலை, எதுவுமே பதிவாகவில்லை. பதிவான 22 நிமிடமாவது பார்க்கலாம் என்று வீட்டுக் கணினியில் போட்டால் படம் ஒரு நொடி ஓடுகிறது, மூன்று நொடி உறைகிறது.

அடுத்த வருசம் எடுத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருசத்துக்குள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

நம்ம இயக்கத்துக்காரர்கள் நிறைய பேர் இப்போது கேமரா வாங்குகிறார்கள். விதைத் திருவிழாவில் பார்க்கிறேன், தலையில் கட்டிக்கொண்டே நாற்று நடுகிற தம்பிகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தோற்றது கேமராவால் அல்ல. மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரியாததால்.

இது யாருக்காகச் செய்த கருவி

கோப்ரோ நிறுவனம் 2004இல் முதல் கேமராவை விற்றபோது அது பிலிம் சுருள் போடும் கேமரா. கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்தாலும் இந்தக் கருவியின் குணம் அதேதான். வேகமாக ஓடுகிறவன், காற்று அடிக்கிற இடம், சில நிமிடத்துக்குள் முடிகிற காட்சி. நம்ம வேலை இதற்கு நேர் எதிர். உட்கார்ந்த இடத்தில், காற்றில்லாத பங்குனி வெயிலில், ஒரு மணி நேரம். கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே விட்டால் அது கடலுக்கான அமைப்பு.

அப்படியானால் செல்போன் போதாதா என்று கேட்கலாம். பல வேலைக்குப் போதும். ஆனால் சேற்றில் இறங்கி கோனோவீடர் ஓட்டும்போதும், ஜீவாமிர்தம் கரைக்கும்போதும் இரண்டு கையும் வேணும். நெஞ்சில் கட்டிக்கொண்டால் நம் கண் பார்க்கிற மாதிரியே கை வேலை பதிவாகும். தண்ணீர், சேறு, தூசி பற்றிக் கவலை இல்லை. நடுவில் போன் வந்து பதிவு நிற்பதும் இல்லை.

நெஞ்சில் கட்டும்போது ஒரு சின்ன விஷயம். டிவி மாதிரி அகலமான 16:9 சட்டத்தில் எடுத்தால் கை பாதி கீழே வெட்டுப்பட்டுப் போகும். 4:3 என்ற அமைப்பு இருந்தால் அதை வையுங்க. உயரம் கூடுவதால் முகத்துக்கு எதிரே உள்ள பயிரும் தெரியும், கீழே கையும் தெரியும்.

எத்தனை புள்ளி

வீடியோப் படம் புள்ளிகளால் ஆனது. 1080பி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கினால் சுமார் 21 லட்சம் புள்ளி. 4கே என்றால் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. நாலு மடங்கு. நடுவில் 2.7கே என்று ஒன்று பல கேமராக்களில் இருக்கும், அது 1080பியைப் போல இரண்டு மடங்கு.

யார், எதில் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நம்ம வீடியோவைப் பார்க்கிறவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கையகலப் போனில் பார்க்கிறார். இல்லையென்றால் பயிற்சி முகாமில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு புரொஜெக்டரில் போடுகிறோம். இரண்டுக்கும் 1080பி தாராளம்.

4கே வீண் என்று சொல்லவில்லை. இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் லென்சு முன்னும் பின்னும் நகர்ந்து பெரிதாக்கும் ஜூம் கிடையாது. எடுத்த பிறகு ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டும் என்றால் புள்ளி அதிகம் இருப்பது உதவும். 4கே படத்தில் கால் பகுதியை வெட்டி எடுத்தாலும் ஒரு முழு 1080பி படம் கிடைக்கும். இலைச்சுருட்டுப் புழு, தேனீ, பூ திறக்கிற நேரம் என்று கிட்டே போனால் கலைந்துவிடுகிற காட்சிக்கு 4கே வையுங்க. பெரியப்பா மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும்போது கேமராவை இரண்டு அடி கிட்டே நகர்த்தி வைத்தாலே போதும். அதற்குச் செலவும் இல்லை, சூடும் இல்லை. நான் எட்டடி தள்ளி வைத்துவிட்டு 83 லட்சம் புள்ளியை நம்பினேன்.

நொடிக்கு எத்தனை பிரேம்

வீடியோ என்பது அடுத்தடுத்த போட்டோக்கள்தான். ஒரு நொடியில் எத்தனை போட்டோ என்பதே பிரேம் கணக்கு. 25 அல்லது 30 இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 50, 60 என்றால் வேகமான அசைவு வழவழப்பாகத் தெரியும். 100, 120 எல்லாம் மெதுவாக்கிக் காட்டுவதற்கு. 100 பிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாக ஓடும்.

இந்த மெதுவோட்டம் நமக்கு உண்மையிலேயே பயன்படுகிற சங்கதி. பிரி திரிக்கிற கையும், முறத்தால் புடைக்கிற வீச்சும், அரிவாள் பிடித்து அறுக்கிற மணிக்கட்டும் சாதாரண வேகத்தில் பார்த்தால் பிடிபடாது. நாலு மடங்கு மெதுவாக்கினால் விரல் எங்கே போகிறது என்று தெரியும். ஆனால் பிரேம் கூடக்கூட ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறையும். 100 பிரேமில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் நொடியில் நூறில் ஒரு பங்குதான் நேரம். மாட்டுக் கொட்டகைக்குள் வைத்து எடுத்தால் ரவை தூவின மாதிரிதான் படம் வரும். மெதுவோட்டம் என்றால் வெளிச்சத்துக்கு வந்துவிடுங்க. சில கேமராக்களில் இந்த முறையில் ஒலி பதிவாகாது, முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. முழுப் பதிவையும் இப்படி எடுக்கத் தேவையில்லை. கை நுணுக்கம் வருகிற இரண்டு நிமிடத்தை மட்டும், இன்னொரு தடவை செய்யச் சொல்லி, தனியாக எடுத்தால் போதும்.

25ஆ 30ஆ என்பதற்கு ஊர்க் கரண்டே பதில் சொல்லும். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30, 60 பிரேமில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகரும். மலிவான எல்இடி பல்புகளிலும் இது உண்டு. எங்க குழுவின் விதை வங்கி அறைக்குள் எடுத்த முதல் வீடியோ முழுக்க இப்படித்தான் வரிவரியாக இருந்தது, கேமரா ரிப்பேர் என்றே நினைத்தேன். மெனுவில் என்டிஎஸ்சி, பால் என்று இரண்டு இருக்கும், அல்லது மினுங்கல் தடுப்பு என்ற இடத்தில் 60, 50 என்று இருக்கும். நமக்கு பால், 50. அப்படி மாற்றியதும் பிரேம் எண்களும் 25, 50, 100 என்று தானாக மாறிவிடும். வெட்டவெளியில் இந்தத் தொல்லை இல்லை. சூரியனுக்கு ஹெர்ட்ஸ் கிடையாது.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். செல்போன்கள் பெரும்பாலும் 30 பிரேமில்தான் எடுக்கும். போனில் எடுத்ததையும் கேமராவில் எடுத்ததையும் ஒட்டி ஒரே வீடியோவாக ஆக்கப் போகிறீர்கள் என்றால், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் 30இலேயே வைத்துவிடுங்க. கலந்தால் நடுநடுவே படம் வெட்டி வெட்டி ஓடும்.

சாக்கும் நெல்லும்

வீட்டுக் கணினியில் என் வீடியோ ஏன் ஓடவில்லை? கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி4 என்றுதானே இருந்தது?

எம்பி4 என்பது சாக்கு. உள்ளே என்ன நெல் என்று சாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீடியோவை அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது என்பதால் அமுக்கித்தான் வைக்கிறார்கள். அமுக்கும் முறையில் இப்போது கேமராக்களில் அதிகம் காண்பது இரண்டு. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265. இரண்டாவதற்கு எச்இவிசி என்றும் பெயர். எச்.265 இன்னும் கெட்டியாக அமுக்கும், அதே தரத்துக்கு ஏறக்குறையப் பாதி இடம்தான் பிடிக்கும். ஆனால் கெட்டியாகக் கட்டிய கோட்டையைப் பிரிக்க அதிக பலம் வேண்டுமில்லையா? பழைய கணினிக்கு அந்தப் பலம் கிடையாது. மூச்சு வாங்கி நின்றுவிடும்.

இங்கேதான் சூட்சுமம். பல கேமராக்களில் பிரேமும் புள்ளியும் உச்சத்துக்குப் போனால் எச்.265 மட்டும்தான் கிடைக்கும், நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது. என் கேமராவில் 4கே 60க்கு அப்படித்தான். 25 பிரேமுக்கு இறங்கியதும் எச்.264 தானாக வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கணினியும், வீடியோ போய்ச் சேர வேண்டிய மற்ற உழவர்களின் போனும் பழசு என்றால் எச்.264இல் எடுங்க. புதுக் கணினி என்றால் எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டு ஓடாமல் கிடக்கிற வீடியோ இருந்தால் அழித்துவிடாதீங்க. ஹேண்ட்பிரேக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் போட்டு எச்.264, 1080பி என்று மாற்றி எடுக்கலாம். என் 22 நிமிடத்தை மாற்ற எங்க பழைய கணினி ராத்திரி முழுக்க உருட்டியது, காலையில் நன்றாக ஓடியது. மூல வீடியோவையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க, மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும்.

கார்டு எத்தனை மணி நேரம் தாங்கும்

பிட்ரேட் என்று ஓர் எண் இருக்கும். ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு விவரம் எழுதுகிறது என்ற கணக்கு. 60 மெகாபிட் என்றால் எட்டால் வகுங்க, நொடிக்கு 7.5 எம்பி. நிமிடத்துக்கு 450 எம்பி, மணிக்கு 27 ஜிபி. 64 ஜிபி கார்டில் இரண்டேகால் மணி நேரம் வரும். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, அதே கார்டு 1 மணி 20 நிமிடத்தில் நிறைந்துவிடும். கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கிளம்புங்க.

இடம் மிச்சமாகிறது என்று பிட்ரேட்டை ரொம்பக் குறைக்கவும் கூடாது. பேசுகிற மனிதரும் பின்னால் வெள்ளைச் சுவரும் என்றால் குறைந்த பிட்ரேட் போதும். காற்றில் ஆடுகிற நெல்வயல் அப்படியல்ல. ஆயிரக்கணக்கான தோகைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் அசைகிறது. அமுக்கும் முறைக்கு இதைவிடக் கஷ்டமான காட்சி கிடையாது. விவரம் போதாவிட்டால் வயல் முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்த மாதிரி குழம்பிவிடும். மெனுவில் ஹை, லோ என்று இருந்தால் வயலுக்கு ஹை.

கார்டில் யு3 அல்லது வி30 என்ற குறி இருக்கிறதா பாருங்க. நொடிக்கு 30 எம்பி விடாமல் எழுதும் என்பதற்கான அடையாளம் அது. சந்தையில் போலி கார்டு நிறைய. வாங்கியதும் முழுசாக நிறைத்து, திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் வேலைக்கு எடுத்துப் போங்க.

நீளமான பதிவு ஒரே கோப்பாக இருக்காது. பல கேமராக்கள் 4 ஜிபி ஆனதும் துண்டு போட்டு அடுத்த கோப்பைத் தொடங்கும். எங்க குழுத் தம்பி ஒருவன் ஒரே பேச்சு ஐந்து கோப்பாக இருப்பதைப் பார்த்து, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று நாலை அழித்துவிட்டான். கோப்ரோவில் பெயர் வைக்கும் முறையும் குழப்பும். ஜிஎக்ஸ்010012, ஜிஎக்ஸ்020012 என்று வந்தால், முதல் இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நாலு இலக்கம்தான் பதிவின் எண். கடைசி நாலும் ஒன்றாக இருக்கிறவை எல்லாம் ஒரே பதிவு. ஜிஎக்ஸ் என்று தொடங்கினால் எச்.265, ஜிஎச் என்று தொடங்கினால் எச்.264 என்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

யூரியா போட்ட நிறம்

எனக்கு இதில்தான் கோபம் அதிகம். கேமராக்களில் நிறம் என்ற இடத்தில் பளிச்சென்று காட்டும் முறையைத்தான் கடையிலிருந்தே வைத்து அனுப்புகிறார்கள். கடலும் வானமும் நன்றாக நீலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நம்ம வயலை அதில் எடுத்தால், ஒரே வாரத்தில் இரண்டு மூட்டை யூரியா போட்ட பயிர் மாதிரி கரும்பச்சையாக வரும். என் மாப்பிள்ளைச் சம்பா வயலை அப்படி எடுத்துக் குழுவில் போட்டபோது, "என்ன அண்ணாச்சி, ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது போட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சாதாரணமில்லை. வீடியோவைப் பார்த்து இன்னொரு உழவர் தன் பயிரோடு ஒப்பிடுவார். நம்ம பயிர் மட்டும் ஏன் வெளிறிக் கிடக்கு என்று மனசு உடைந்து கடைக்குப் போவார். நிறத்தை இயல்பு என்ற அமைப்பில் வையுங்க. பிளாட், லாக் என்பவை எடுத்தபின் கணினியில் நிறம் திருத்துகிறவர்களுக்கு. நமக்கு அது சாம்பல் பூசின மாதிரி தெரியும், வேண்டாம்.

வெள்ளைச் சமநிலை என்று இன்னொன்று. வொயிட் பேலன்ஸ் என்று மெனுவில் இருக்கும். தானாக என்று விட்டால், சட்டம் முழுக்கப் பச்சை நிறைந்ததும் கேமரா அதைச் சரிக்கட்டப் பார்க்கும். ஒரே வயல், நடந்துகொண்டே எடுக்கும்போது ஓரிடத்தில் மஞ்சளாகவும் அடுத்த இடத்தில் பச்சையாகவும் மாறும். எது சத்துக் குறைவு, எது கேமரா வேலை என்று கண்டுபிடிக்க முடியாது. வெயிலில் 5500 கெல்வின், மூட்டமாக இருந்தால் 6500 என்று நிலையாக வைத்துவிடுங்க. ஒரு பருவம் முழுக்க ஒரே வயலைத் தொடர்ந்து எடுக்கிறவர்கள், ஒரே எண்ணில், காலை ஒரே நேரத்தில் எடுத்தால்தான் நாளுக்கு நாள் ஒப்பிட முடியும். இலை வண்ண அட்டை வைத்திருந்தால் முதல் காட்சியில் அதை இலைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டிவிடுங்க. நிறம் பற்றிய சந்தேகம் யாருக்கும் வராது.

வளைந்த வரிசை

அகலக் கோணத்தில் நேர்க்கோடு வளையும். ஒற்றை நாற்று நடவில் 25 செ.மீ. இடைவெளி விட்டுக் கயிறு பிடித்து நட்ட வரிசையை அகலக் கோணத்தில் எடுத்தால், ஓரத்து வரிசை எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கும். நடுவில் இருக்கிற இடைவெளி பெரிசாகவும் ஓரத்தில் உள்ளது சின்னதாகவும் தெரியும். இடைவெளி சொல்லிக்கொடுக்கிற வீடியோவுக்கு இது ஆகவே ஆகாது. லீனியர் என்ற அமைப்பில் கோடு நேராக வரும். இடம் குறுகலாக, கொட்டகைக்குள் பின்னால் நகர முடியாமல் இருந்தால் மட்டும் அகலம்.

ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன், நடக்கும்போது ரொம்ப உதவி. ஸ்டாண்டில் வைத்திருக்கும்போது அணைத்துவிடுங்க. அது படத்தின் ஓரத்தை வெட்டித்தான் வேலை செய்கிறது, சூட்டையும் கூட்டும், பேட்டரியையும் தின்னும்.

சூட்டுக்கு நான் கண்ட வழி: 1080பி, 25 பிரேம், வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் அணைத்தது, திரை ஒரு நிமிடத்தில் தானாக அணைகிற மாதிரி வைத்தது, தண்ணீர் புகாத வெளிக்கூடு தேவையில்லாத இடத்தில் கழற்றிவிட்டது, மேலே ஓர் ஓலைத் தடுக்கு நிழல். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, உடனே மறுபடி தொடங்குவேன். ஏதாவது ஒரு துண்டு கெட்டாலும் மற்றது மிஞ்சும்.

ஒலியை யாரும் கவனிப்பதே இல்லை. பெரியவர் சொல்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் எடுக்கிறோம், அது காற்றிரைச்சலில் போய்விடுகிறது. கேமராவின் மைக் ஓட்டையில் சின்னப் பஞ்சுத் துண்டை ஒட்டினால் பாதி இரைச்சல் அடங்கும். அதைவிட நல்லது, செல்போனில் குரல் பதிவைப் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்துவிடுவது. தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருதடவை கை தட்டுங்க. பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம்.

முளை விடுவது, பூ திறப்பது, மண்புழு எரு மேல் இலை மக்குவது எல்லாம் வீடியோவாக எடுக்காதீங்க. டைம்லேப்ஸ் இருக்கிறது. 30 நொடிக்கு ஒரு படம் என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் 960 படம். 25 பிரேமில் ஓட்டினால் 38 நொடி. கார்டில் இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

எடுத்ததை அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு தடவை அமுக்கிவிடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் அப்படியே போகும்.

இரண்டாவது தடவை

பெரியப்பாவுக்குக் கை விழுந்த பிறகு இந்தப் பேச்சையே விட்டிருந்தேன். போன பங்குனியில் பெரியம்மா கூப்பிட்டு விட்டாள். "அவருக்குப் பிரி திரிச்சுக் குடுத்தது யாருன்னு நெனச்சே? நாப்பது வருசமா நாந்தானே. எனக்குக் கட்டத் தெரியாதாடே?" என்றாள். முதல் தடவை எடுத்தபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கேட்கவே இல்லை.

வேப்பமர நிழலில் 1080பி, 25 பிரேம், எச்.264, லீனியர், 5500, 50 ஹெர்ட்ஸ். கேமராவை இரண்டடியில் வைத்ததும், "இம்புட்டுக் கிட்டக்க வச்சா நான் எப்படிக் கையை வீச?" என்று சத்தம் போட்டாள். மூன்றடிக்கு நகர்த்தினேன். மொத்தம் ஐந்து துண்டு, 58 நிமிடம். வாய் மூடுகிற முடிச்சை மட்டும் வெயிலுக்கு வந்து 100 பிரேமில் இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

ராத்திரி போனில் அந்த மெதுவோட்டத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு தடவை பார்த்தார். "அந்த எடத்துல பிரியை எடப்பக்கமால்ல முறுக்கணும். அவ வலப்பக்கமா முறுக்குதா, பாரு" என்றார். அடுப்படியிலிருந்து பெரியம்மா, "எப்பவும் வலப்பக்கந்தான்" என்றாள். பழைய 22 நிமிடத்தில் அந்தக் கட்டம் இல்லை, பார்த்துச் சொல்ல வழியில்லை. அவர் இடது கையால் காற்றில் முறுக்கிக் காட்டியதையும் அப்படியே போனில் எடுத்து, அதே கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் அடுத்த விதைப் பரிமாற்றக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பென் டிரைவ் எடுத்து வாருங்க. மூன்றையும் சேர்த்தால் 32 ஜிபி போதும்.